கிணற்றடியில் தொடங்கலாம்: மெய்யியலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வாசகசாலைத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து மெய்யியல் பேசுகிறோம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?" என்பதுதான். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதையே கேட்டேன். கையில் கிடைத்த ஒரு தத்துவ வரலாற்று நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி, அறுபதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். பெயர்களும் ஆண்டுகளும் மனத்தில் நின்றன. ஆனால் அதிலிருந்த கேள்விகளில் ஒன்றுகூட என்னுடையதாக இல்லை. மறுபடி அந்தப் பக்கம் திரும்ப எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. உங்களுக்கு அந்த நான்கு வருடம் மிச்சமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வியைத் தேடுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முழுவதும் உங்களை உறுத்திய கேள்விகளை எழுதுங்கள். பெரிய கேள்வியாக இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் குழு உட்கார்ந்து பேசிய முதல் கேள்வி, சென்ற கோடையில் பக்கத்துத் தோப்புக் கிணறு ஏன் வற்றியது என்பது.

வாரக் கடைசியில் எழுதியவற்றைப் பிரித்துப் பாருங்கள். சில கேள்விகளுக்கு அளந்தால் விடை கிடைக்கும்: கிணற்றில் எத்தனை அடி தண்ணீர்? சிலவற்றுக்குச் சட்டப் புத்தகத்தில் விடை இருக்கும்: ஆழ்துளைக் கிணறு போட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அளந்த பிறகும் சட்டத்தைப் பார்த்த பிறகும் தீராமல் சில கேள்விகள் மிஞ்சும். நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் யாருடையது? மெய்யியலுக்கான கேள்வி அதுதான்.

இது வெறும் யோசனை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சித்தூர் தாலுகாவிலேயே, பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில், இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிற்று. 2000இல் அங்கே ஒரு குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று 2002இல் மக்கள் போராட்டம் தொடங்கினார்கள். பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, வழக்கு நடந்தது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்குமான பொதுச் சொத்து, அரசு அதன் காவலாளி என்று தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நிலத்தின் உரிமையாளர் நியாயமான அளவில் நீர் எடுக்கலாம் என்றது. அதே தண்ணீர், அதே சட்டங்கள். 'உடைமை' என்றால் என்ன என்ற கேள்வி மட்டும் இரண்டு வகையாக விளங்கிக்கொள்ளப்பட்டது. படித்து முடித்த அன்று இரவு நான் தூங்கவில்லை. நாங்கள் குடிக்கும் தண்ணீரின் கதி ஒரு சொல்லின் பொருளில் தொங்குகிறது என்று அன்றுதான் புரிந்தது.

சொல்லை நிறுத்திக் கேளுங்கள்

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் படி எளிது. மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். தமிழில் பெருக்கெடுத்து வரும் நீர். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், பக்கத்து வீட்டு அம்மா "வெள்ளம் வந்நு" என்று உரக்கச் சொன்னதைக் கேட்டுப் பதறி எழுந்துவிட்டார். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்றுதான் அந்த அம்மா சொன்னார்.

இரண்டு மொழிக்கு இடையில் நடக்கும் இதே குழப்பம் ஒரே மொழிக்குள்ளும் நடக்கிறது. அது வெளியே தெரிவதில்லை, அதனால்தான் ஆபத்து. எங்கள் கூட்டத்தில் 'நியாயம்' என்ற சொல்லை ஒரு மாலையில் ஐந்து பேர் பயன்படுத்தினார்கள். ஒருவர் சட்டத்தை மனத்தில் வைத்துச் சொன்னார், ஒருவர் வழக்கத்தை, இன்னொருவர் தேவையை. "முதலில் வந்தவருக்கு முதல் தண்ணீர் என்பது நியாயம்", "பயிர் காய்கிறவனுக்குக் கொடுப்பது நியாயம்" என்று இரண்டு பேர் அரை மணி நேரம் மோதினார்கள். நியாயம் எது என்பதில் தாங்கள் வேறுபடுவதே அவர்களுக்குத் தெரியவில்லை. எதிராளி மனசாட்சி இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, பேச்சு சூடாகும்போது ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்துங்கள். "இந்தச் சொல்லால் நீங்கள் எதைக் குறிக்கிறீர்கள், மாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஏதென்ஸ் நகரத் தெருக்களில் சாக்ரடீஸ் செய்துவந்த வேலை பெரும்பாலும் இதுதான். அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்; பொது ஆண்டுக்கு முன் 399இல் அதற்காக உயிரையும் கொடுத்தார்.

எப்படித் தெரியும்?

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நாள் தங்க வேண்டும். எங்கள் குழு இதிலேயே மூன்று மாதம் இருந்தது.

தமிழில் இதற்கு அருமையான ஒரு நுழைவாயில் இருக்கிறது. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அவள் சேரர் தலைநகரான வஞ்சிக்குள் போய், வெவ்வேறு சமயங்களையும் வாதங்களையும் சேர்ந்த பத்துப் பேரிடம் அவரவர் கொள்கையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். இளம்பெண்ணிடம் உள்ளதை உள்ளபடி சொல்லமாட்டார்கள் என்பதால் மாதவன், அதாவது பெருந்தவம் செய்யும் ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்து அறிவின் கதவு திறக்கிறது அல்லது மூடுகிறது என்பதைக் காவியம் அங்கேயே காட்டிவிடுகிறது. முதலில் பேசும் அளவைவாதி, அறிவு பெறும் வழிகளாகப் பத்து அளவைகளை அடுக்குகிறார்.

பத்தும் உங்களுக்கு இப்போது வேண்டாம். சைவ சித்தாந்தம் முதன்மையாகக் கொள்ளும் மூன்று போதும்: காண்டல், கருதல், உரை. நேரில் கண்டது, கண்டதை வைத்து ஊகித்தது, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டது. நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொண்டு, உங்கள் கேள்வியைப் பற்றி உங்களுக்குத் 'தெரிந்தவை' எல்லாவற்றையும் உரிய பத்தியில் எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் காண்டல் பத்தி கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். அதைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். உலகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கேட்டறிந்ததுதான். யாரிடம் கேட்டோம், அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் காண்பதை மட்டுமே நம்புவேன் என்று சிலர் வருவார்கள். காதையின் இறுதியில் பேசும் பூதவாதி அந்த வகை. அவரிடம் மணிமேகலை கேட்பது, உன் தாய் தந்தையரை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்பது. ஒரு வரிக் கேள்விதான். ஆனால் அந்தக் கொள்கை முழுவதும் அதில் ஆடிப்போகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, அந்தப் பத்து அளவைகளில் ஒன்றான அபாவம்: ஓரிடத்தில் ஒன்று இல்லை என்று அறிவது. எங்கள் கூட்டத்துக்கு வரும் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆத்தா ஒரு நாள் சொன்னார்: "ஏரிக்கு இப்போதெல்லாம் நாரை வருவதில்லை, கண்ணு. மழை பெய்த ராத்திரியில் தவளை கத்துவதுமில்லை." அதுவரை மழை அளவையும் ஆழ்துளைக் கிணறுகளின் எண்ணிக்கையையும் பேசிக்கொண்டிருந்த நாங்கள் வாயடைத்துப் போனோம். ஒலிக்காத தவளையைக் கேட்க, முன்பு அது ஒலித்ததைக் கேட்டிருக்க வேண்டும். பிளாச்சிமடையிலும் தண்ணீர் மாறிவிட்டதை முதலில் அறிந்தவை ஆய்வுக்கூடங்கள் அல்ல. வடித்த சோறு பழையபடி இல்லை என்று சொன்ன பெண்களின் அடுப்படிகள் அவை. அந்தப் போராட்டத்தின் முகமாக நின்ற மயிலம்மா இரவாளர் பழங்குடியைச் சேர்ந்தவர்.

எதிர்த்தரப்பை அவரே ஒப்புக்கொள்ளும்படி சொல்லுங்கள்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. பரபக்கம் முதலில் வருகிறது, சுபக்கம் பிறகு. பிறர் கொள்கையை எடுத்துக் கூறி ஆராய்ந்த பின்னரே தம் கொள்கைக்கு வருகிறார். இந்திய மெய்யியல் நெடுகிலும் உள்ள ஒழுங்கு இது.

எங்கள் பகுதியில் இதற்குப் பயிற்சிக்களம் ஆழியாற்றுத் தண்ணீர். ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு தமிழ்நாட்டு வயல்களைக் கடந்து, எல்லையைத் தாண்டியதும் சித்தூர்ப்புழை என்று பெயர் மாறி, பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலைச் சேர்கிறது. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். வறண்ட ஆண்டுகளில் இதைச் சொல்லி இரு பக்கமும் குரல் உயரும். இங்கே பல வீடுகளில் பெண் கொடுத்ததும் எடுத்ததும் பொள்ளாச்சிப் பக்கம். சம்பந்தி வீட்டார் வாய்க்காலின் மறு நுனியில் இருக்கிறார்கள்.

ஒரு மாலை, அப்படி வந்திருந்த ஒரு சம்பந்தியையும் எங்கள் ஊர் விவசாயி ஒருவரையும் இடம் மாறிப் பேசச் சொன்னோம். பொள்ளாச்சிக்காரர் சித்தூரின் தரப்பை எடுத்துரைக்க வேண்டும், சித்தூர்க்காரர் பொள்ளாச்சியின் தரப்பை. ஒரே நிபந்தனை: கேட்டுக்கொண்டிருக்கும் சொந்தக்காரர், "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று தலையசைக்கும் வரை நிறுத்தக் கூடாது. முதல் முயற்சியில் இருவரும் தோற்றார்கள். எதிர்த்தரப்பின் மிகப் பலவீனமான வாதத்தைத்தான் எடுத்துச் சொன்னார்கள். மூன்றாவது முயற்சியில் பொள்ளாச்சிக்காரர் சொன்னது: "தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதைவிட எந்த வாரம் வருகிறது என்பது இவர்களுக்கு முக்கியம். நாற்று காய்ந்த பிறகு வரும் தண்ணீரைக் கணக்கில் சேர்ப்பதால் யாருக்கும் பயனில்லை." எங்கள் ஊர்க்காரர் தலையசைத்தார். தாமே அதை அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

1924இல் ஆலுவாவில் ஸ்ரீ நாராயண குரு நடத்திய சர்வமத மாநாட்டின் வாசலில், வாதிடவும் வெல்லவும் அல்ல, அறியவும் அறிவிக்கவுமே இக்கூட்டம் என்ற பொருளில் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் திண்ணைச் சுவரிலும் அதைச் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறோம், இரண்டு மொழிகளிலும்.

முழுமையாகப் பார்ப்பது

இனித்தான் முழுமை நோக்கு. இந்தச் சொல்லைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். எண்ணெய்ப் புட்டியிலிருந்து யோகா வகுப்பு வரை எல்லாவற்றின் மேலும் இன்று அது ஒட்டப்படுகிறது. "எல்லாமே ஒன்றோடொன்று தொடர்புடையது" என்று சொல்வது எளிது. அந்த வாக்கியம் எதையும் விளக்குவதில்லை. எது எதோடு, எந்த வழியாகத் தொடர்புடையது, இதை மாற்றினால் அங்கே எது மாறும் என்று சொல்ல முடிந்தால்தான் அது சிந்தனை.

தொல்காப்பியம் தரும் திணைக் கருவியைப் பயன்படுத்துங்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்த முதல், கரு, உரி என்ற மூன்றும் ஒரு சூழலை முழுதாக வரைந்துகாட்டும் கட்டங்கள். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை. உரிப்பொருள் அங்கே வாழும் மனிதரின் உள்ளத்தில் நிகழ்வது. எங்கள் வற்றிய கிணற்றுக்கு ஒரு பெரிய தாளில் வரைந்து பார்த்தோம். முதற்பொருளில், பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் உலர்காற்று, மேற்கே பெய்யும் மழை கிழக்கே எங்கள் பக்கம் குறைவது, தண்ணீரைப் பிடித்துவைத்துப் பிறகு பிளந்துகொள்ளும் கரிசல். கருப்பொருளில், நிலக்கடலை இருந்த இடத்தில் வந்த தென்னை, கள் இறக்கும் தொழில், நாரை, தவளை, மின் மோட்டார். உரிப்பொருளில், பக்கத்துத் தோட்டக்காரர் இன்னும் ஐம்பது அடி இறக்கிவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்தைத் தாளில் எழுதிய பிறகுதான், கிணறுகள் ஏன் ஆண்டுதோறும் ஆழமாகின்றன என்பது எங்களுக்கு விளங்கியது. மழை அளவு மட்டும் அதைச் சொல்லியிருக்காது.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று வருகிறது. பாலை தனி நிலமாகப் பிறப்பதில்லை. நல்ல நிலம் மெல்ல மாறி அதுவாகிறது. என்ன மாறிற்று, எந்த வரிசையில் மாறிற்று என்று கேட்கும் பார்வை அது.

யானையைத் தொட்டுப் பார்த்த பார்வையற்றவர்களின் கதையை முழுமை நோக்குக்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. அந்தக் கதையைச் சொல்கிறவர் முழு யானையையும் பார்த்தவராக இருக்கிறார். நம் நிலைமையில் அப்படி ஒருவர் இல்லை. காலைத் தொட்டவரும் காதைத் தொட்டவரும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கேட்டுத்தான் யானையைச் சேர்க்க வேண்டும். கதை சொல்கிறவருக்கும் தொட்டறிய ஒரு பகுதிதான் கிடைத்திருக்கிறது.

இன்னொன்றையும் புதியவர்களுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை. ஆங்கிலத்தில் முழுமை நோக்கைக் குறிக்கும் 'ஹோலிசம்' என்ற சொல்லை உருவாக்கி 1926இல் நூல் எழுதியவர் தென்னாப்பிரிக்காவின் ஜான் ஸ்மட்ஸ். இயற்கையில் பகுதிகள் சேர்ந்து பெரிய முழுமைகளாக வளர்கின்றன என்று விரிவாக வாதிட்டவர். அவர் அமைச்சராக இருந்த அரசுதான் அங்கே இந்தியர்களை ஒடுக்கியது. காந்தி சத்தியாகிரகம் நடத்தியது அந்த அரசை எதிர்த்து. அதில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்தவள் பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை. முழுமை என்ற சொல்லையே படைத்தவரின் முழுமைக்குள் அந்தப் பெண்ணுக்கு இடம் இருக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் குரல் கம்மும். தாளில் வரைந்து முடித்ததும், "இதில் யார் இல்லை?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். எங்கள் தாளில் தோப்பில் கூலிக்குப் போகிறவர்கள் இல்லை. அவர்களுக்குச் சொந்தக் கிணறு கிடையாது, ஆகவே கிணற்றைப் பற்றிய பேச்சில் அவர்கள் நினைவுக்கே வரவில்லை. தண்ணீர் வற்றினால் முதலில் வேலை போவது அவர்களுக்குத்தான்.

எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போனால் தாள் உலகமளவுக்கு விரியும். எங்காவது கோடு போட்டு நிறுத்தத்தான் வேண்டும். ஏன் அங்கே போட்டோம் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். மாநில எல்லையைக் கோடாக வைத்தால் ஒரு விடை வரும், ஆற்றுப்படுகையை வைத்தால் வேறு விடை வரும்.

படிக்க வேண்டியவை, கூட்டத்துக்கான சில குறிப்புகள்

கையில் ஒரு கேள்வி வந்த பிறகு புத்தகத்தைத் திறங்கள். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையை நல்ல உரையோடு படியுங்கள். பிறகு திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் 948 முதல் 950 வரை மூன்று குறள்கள். முதலாவது எல்லோரும் அறிந்தது; கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் சொல்வதில் நின்று யோசியுங்கள். அதன் பிறகு, நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதியது. நாராயண குரு தமிழிலும் தேவாரப் பதிகங்கள் பாடியிருக்கிறார். மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள் அவரிடம் போக அது ஒரு வழி. வரலாற்று நூல்களை ஓராண்டு தள்ளி வைக்கலாம்.

தனியாகப் படிப்பதைவிட ஐந்தாறு பேர் சேர்ந்து படிப்பது நல்லது. வாரம் ஒரு பக்கம் போதும், உரக்கப் படியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். படித்தவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள்.

ஏரிக்கு நாரை வருவதில்லை என்ற ஆத்தா அதோடு விடவில்லை. "ஏரி மண் மூடிவிட்டது, அதனால்தான் கிணற்றுக்கு ஊற்று வருவதில்லை" என்றும் சொன்னார். அதைக் கருதல் பத்தியில் எழுதினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு நால்வர் ஏரிக்குள் இறங்கினோம். மேலே கட்டி கட்டியாக வெடித்த கரும்படிவு. முழங்கால் ஆழம் தோண்டியும் அதே வண்டல். இடுப்பளவு போன பிறகுதான் கடப்பாரையில் சரளை இடித்தது. பழைய ஏரித் தரை. ஆத்தா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டல் மூடியிருக்கிறது என்பதைக் காண்டல் பத்திக்கு மாற்றினோம். அதனால்தான் ஊற்று நின்றது என்பது இன்னும் கருதல் பத்தியிலேயே இருக்கிறது. தூர்வாரி ஒரு மழைக்காலம் பார்க்க வேண்டும். வெட்டிப் போட்ட வண்டலை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பார்த்த ஆத்தா, "நல்ல மண். வயலுக்குப் போடலாம். யார் வயலுக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு நோட்டில் புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறோம்.